இருபதாயிரத்துக்குள் போட்டோ எடிட்டிங் மானிட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

நெல்வயல் (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். சுற்றுவட்டாரத்தில் சில போட்டோகிராபர்கள் படங்களைக் கொடுப்பார்கள். கலர் கரெக்‌ஷன் செய்து, 12க்கு 36 இன்ச் ஷீட்டாக லேஅவுட் போட்டு, பிரிண்டுக்கு அனுப்பும் வரை என் பொறுப்பு. இதுவரை லேப்டாப் திரையிலேயே ஓட்டிவிட்டேன். இனி தனி மானிட்டர் இல்லாமல் முடியாது.

எங்கள் கேரள எல்லைப் பக்கம் ஒரே வாரத்தில் தமிழ்க் கல்யாணமும் வரும், மலையாளக் கல்யாணமும் வரும். ஒன்றில் அரக்குச் சிவப்புப் பட்டு, மஞ்சள் பூசிய முகம். இன்னொன்றில் கசவுச் சேலை, ஆள் உயர நிலவிளக்கு. இரண்டிலும் அடி வாங்குகிறேன். கசவின் கிரீம் நிறம் ஆல்பத்தில் மஞ்சளாக வருகிறது. சிவப்புப் பட்டில் மடிப்பே தெரியாமல் ஒரே திட்டாக நிற்கிறது. போதாக்குறைக்கு, எல்லாப் பக்கமும் நான் திரையில் பார்த்ததைவிட இருட்டு. லேபில் கேட்டால் "நீங்கள் அனுப்பியதை அப்படியே போட்டோம்" என்கிறார்கள். பெண் வீட்டார் ஆல்பத்தைப் புரட்டும்போது பக்கத்தில் நிற்கவே சங்கடமாக இருக்கிறது.

கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. ரொம்பத் தேவை என்றால் இன்னும் இரண்டாயிரம் புரட்டலாம். கோவையில் விசாரித்தபோது இந்த விலைக்கே 27 இன்ச் வளைந்த மானிட்டர் காட்டினார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா? பெட்டியில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

வாளையார்க்காரன் (வாளையார்)

அக்கா, முதலில் உங்கள் லேப்டாப் மாடலைத் தேடி, அதன் ஸ்பெசிபிகேஷனில் "45% என்டிஎஸ்சி" என்று இருக்கிறதா பாருங்கள். ஐம்பது, அறுபதாயிரம் ரூபாய் கேமிங் லேப்டாப்பில்கூட அந்தப் பேனலைத்தான் வைக்கிறார்கள். சர்வீஸுக்கு என்னிடம் வருவதில் பாதி அப்படித்தான்.

என்டிஎஸ்சி என்பது அமெரிக்காவில் 1953இல் கலர் டிவிக்காக வகுத்த நிற அளவு. இன்று நாம் வேலை செய்யும் அளவு எஸ்ஆர்ஜிபி. எஸ்ஆர்ஜிபியின் பரப்பு ஏறக்குறைய 72% என்டிஎஸ்சிக்குச் சமம். ஆக 45% என்று போட்டிருந்தால், எஸ்ஆர்ஜிபியில் சுமார் அறுபது சதவீத நிறத்தைத்தான் அந்தத் திரையால் காட்ட முடியும். முதலில் அடிபடுவது சிவப்பு. குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். உடனே சாச்சுரேஷனை ஏற்றுவீர்கள். திரையில் அப்போதுதான் சிவப்பு சிவப்பாகத் தெரியும், ஆனால் ஃபைலுக்குள் அது ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிருக்கும். பிரிண்டில் மடிப்பு போய்விடுவது அதனால்தான்.

கசவும் அதே கதை. மலிவான பேனல் நீலம் தூக்கலாக இருக்கும். கண்ணுக்கு வெள்ளை குளிர்ச்சியாகத் தெரிவதால் சூட்டை ஏற்றுவீர்கள். பேப்பருக்கு அந்த நீலம் கிடையாது, நீங்கள் ஏற்றிய மஞ்சள் மட்டும் மிஞ்சும்.

இருட்டறை (வேலந்தாவளம்)

தம்பி சொன்னது சரி. ஆல்பம் இருட்டாக வருவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். வாழ்க்கையில் பாதியைக் கலர் லேபில் கழித்தவன், இந்தப் புகாரைக் கேட்காத கல்யாண சீசன் கிடையாது.

மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை வெளிச்சம் அடிக்கும். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அப்படி அமைத்து அனுப்புகிறார்கள். பிரிண்டுக்கு எடிட் செய்கிறவருக்கு 80 முதல் 120 வரை போதும். எஸ்ஆர்ஜிபி விதியே 80 நிட்ஸ் திரையை மனதில் வைத்து எழுதியதுதான். 250இல் உட்கார்ந்து எடிட் செய்தால் முகம் வெளிறித் தெரியும், எக்ஸ்போஷரைக் குறைப்பீர்கள். பேப்பருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையில் விழுவதைத்தான் அது திருப்பித் தரும். ஆகவே இருட்டு.

கருவி எதுவும் இல்லாமல் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். வேலை செய்யும் அறையின் வழக்கமான விளக்கைப் போடுங்கள். போட்டோஷாப்பில் முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரைக்குப் பக்கத்தில் நல்ல வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை டியூப்லைட் மாதிரி எரிந்து, தாள் பழுப்பாகத் தெரிகிறதா? இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் நாள் எல்லாம் மங்கலாக இருக்கும், கண் பழகிவிடும்.

இதைச் செய்யாமல் ஒரு லட்சத்துக்கு மானிட்டர் வாங்கினாலும் ஆல்பம் இருட்டாகத்தான் வரும் அம்மா.

அறையின் சுவர் என்ன நிறம்? நம் பக்கத்தில் இளம்பச்சை, ரோஸ் என்று அடித்து வைத்திருப்போம். திரைக்குப் பின்னால் இருக்கும் சுவர் அழுத்தமான நிறமாக இருந்தால், கண் அதற்கு எதிர்நிறத்தைப் படத்தில் சேர்த்துப் பார்க்கும். அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெளிர் சாம்பல் அடித்துவிடுங்கள்.

நகரிநெசவு (நகரி)

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் விசைத்தறி. சேலைகளை நானே படம் எடுத்து ஆன்லைனில் போடுகிறேன். "படத்தில் பார்த்த கலர் இல்லை" என்று சேலை திரும்பி வந்தால் போக வரக் கூரியர் செலவு என் தலையில்தான். மயில் கழுத்து நிறமும் மாம்பழ மஞ்சளும்தான் அதிகம் திரும்புகின்றன.

என் சந்தேகம் இதுதான். வாங்குகிறவர் பார்ப்பது போனில். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி காட்டுகிறது. அப்படியிருக்க நான் நல்ல மானிட்டர் வாங்கி என்ன ஆகப் போகிறது?

இருட்டறை (வேலந்தாவளம்)

நகரித் தம்பி, நியாயமான கேள்வி. ஊரில் இருக்கிற போன் எல்லாவற்றையும் நம்மால் திருத்த முடியாது. ஆனால் போன்கள் நாலா பக்கமும் விலகுகின்றன. ஒன்று கொஞ்சம் நீலம், ஒன்று மஞ்சள், ஒன்று கூடுதல் அழுத்தம். நீங்கள் நடுவில் நின்றால் எந்தப் போனிலும் விலகல் கொஞ்சம்தான் இருக்கும். உங்கள் திரையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த போனில் விலகல் இரட்டிப்பாகும். திரும்பி வரும் சேலைகள் அங்கிருந்து வருபவைதான்.

இன்னொன்று. சேலைக்குப் பக்கத்தில் ஒரு கிரே கார்டு (நடுநிலைச் சாம்பல் அட்டை) வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். லைட்ரூம் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் சொட்டானை (ஐட்ராப்பர்) அதன் மேல் வைத்து ஒரு கிளிக். மானிட்டர் எப்படியிருந்தாலும் பாதிக் குறை அங்கேயே தீரும்.

தேயிலைமேடு (மூணாறு)

எல்லோரும் எஸ்ஆர்ஜிபியோடு நிற்கிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் பறவையும் காடும் எடுக்கிறவன். எங்கள் தேயிலை மலையில் மழை விட்டதும் வெயில் விழும் அந்தப் பச்சை எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்கவே அடங்காது. அதைவிடப் பரந்த நிற அளவான அடோபி ஆர்ஜிபி 1998இலேயே வந்துவிட்டது. கேமராவிலும் அந்த வசதி இருக்கிறது, என் இங்க்ஜெட் பிரிண்டரும் அந்தப் பச்சையையும் நீலப்பச்சையையும் பேப்பரில் கொண்டுவருகிறது. திரை காட்டாத நிறத்தை எப்படி எடிட் செய்வது?

கொஞ்சம் பொறுத்திருந்து பணம் சேர்த்து, பென்க்யூ எஸ்டபிள்யூ வரிசை மாதிரி 99% அடோபி ஆர்ஜிபி காட்டும் மானிட்டராக வாங்குங்கள் என்பேன். ஒருமுறைதான் வாங்கப் போகிறீர்கள்.

இருட்டறை (வேலந்தாவளம்)

சார், உங்கள் வேலைக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. சொந்தமாக இங்க்ஜெட் வைத்து, ஒவ்வொரு பேப்பருக்கும் புரொஃபைல் (நிறம் எப்படி வரும் என்று சொல்லும் விவரக் கோப்பு) போட்டு அடிக்கிறவருக்கு அந்தப் பணம் தகும். இந்தப் பெண்ணின் வேலை வேறு. நம் ஊர் ஆல்பம் லேப்கள் வாங்குவது எஸ்ஆர்ஜிபி ஜேபெக். அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால், புரொஃபைலைக் கவனிக்காத லேபில் முகமெல்லாம் சோகை பிடித்த மாதிரி வெளிறி வரும். அந்தக் கவர்களை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் கேட்டது சிவப்பைப் பற்றி. அடோபி ஆர்ஜிபியிலும் எஸ்ஆர்ஜிபியிலும் சிவப்பின் முனை ஒரே இடம், நீலத்தின் முனையும் ஒரே இடம். பச்சை முனை மட்டும்தான் தள்ளிப் போகிறது. உங்கள் தேயிலைக்கு அதனால் ஆதாயம். அரக்குப் பட்டுக்கு அதில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

மூன்றாவது விஷயம் பட்ஜெட். இருபதாயிரத்துக்குள் "வைட் கேமட்" (எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிற எல்லை) என்று எழுதி வருபவை பெரும்பாலும் கேமிங் மானிட்டர்கள். புரொஃபைலைப் பார்த்து நிறத்தைச் சரிசெய்யும் கலர் மேனேஜ்மென்ட் இல்லாத புரோகிராமில் திறந்தால் தோல் நிறம் தக்காளியாகத் தெரியும். சரி, எஸ்ஆர்ஜிபி மோடில் போடலாம் என்றால், பல மாடல்களில் அந்த மோடில் பிரைட்னஸைத் தொட விடுவதில்லை. நான் முதலில் சொன்ன வெளிச்சக் கணக்கு அங்கேயே அடிபட்டுப்போகும். குறைந்த பட்ஜெட்டில் எஸ்ஆர்ஜிபியை ஒழுங்காக, முழுதாகக் காட்டும் திரையே நல்லது. அதைத் தாண்டிய எதுவும் இந்த விலையில் உபத்திரவம்.

தேயிலைமேடு (மூணாறு)

ஆல்பம் வேலைக்கு ஒப்புக்கொள்கிறேன். காட்டுப் படம் எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பேச்சையும் கணக்கில் எடுங்கள்.

நெல்வயல் (கொழிஞ்சாம்பாறை)

லேப்டாப் மாடலைத் தேடிப் பார்த்தேன், 45% என்டிஎஸ்சிதான். தாளைப் பிடித்தும் பார்த்துவிட்டேன் மாமா, தாள் சாணிக் காகிதம் மாதிரி தெரிந்தது. பிரைட்னஸைப் பாதிக்கும் கீழே இறக்கியிருக்கிறேன்.

27 இன்ச் வளைந்த மானிட்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே. 12க்கு 36 ஷீட் நீளமானது, அகலத் திரையில் பார்த்தால் வசதி என்று நினைத்தேன்.

வாளையார்க்காரன் (வாளையார்)

அந்த விலைக்கு வளைந்த 27 என்றால் அநேகமாக விஏ பேனல், 1920க்கு 1080 பிக்சல். இரண்டு காரணத்துக்காக வேண்டாம் அக்கா.

முதலாவது பேனல், அதாவது திரையின் வகை. விஏ, ஐபிஎஸ், டிஎன் என்று வகைகள் உண்டு. விஏவில் கறுப்பு அருமையாக இருக்கும், கான்ட்ராஸ்ட் 3000க்கு 1 வரை போகும். ஐபிஎஸ்ஸில் பொதுவாக 1000க்கு 1தான். ஆனால் விஏவில் தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் நிழல் பகுதியின் அழுத்தம் மாறும். மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டில் மடிப்பு தெரிகிறதா இல்லையா என்பது நீங்கள் உட்காரும் கோணத்தைப் பொறுத்து மாறினால் எதை நம்பித் திருத்துவது? ஐபிஎஸ்ஸே எடுங்கள். டிஎன் பக்கமே போக வேண்டாம், மேலிருந்து கீழ் ஒரே திரையிலேயே நிறம் மாறும். வளைவும் இந்த வேலைக்கு ஆகாது. ஷீட்டில் நேர்கோடும் பார்டரும் போடுகிறவருக்குக் கோடு கோடாகத் தெரிய வேண்டும்.

இரண்டாவது புள்ளி அளவு. 27 இன்ச்சில் 1080 என்றால் இன்ச்சுக்கு 82 பிக்சல்தான். 24 இன்ச்சில் 92. 27இல் 2560க்கு 1440 எடுத்தால் 109. 82இல் கண் இமை பொரிந்து தெரியும். ஷார்ப்னெஸ் கூடிப்போனதா, திரைதான் அப்படியா என்றே குழம்புவீர்கள். உங்கள் ஷீட் 300 டிபிஐயில் (இன்ச்சுக்கு 300 புள்ளி) 10,800க்கு 3,600 பிக்சல். எந்த மானிட்டரிலும் முழுதாக விரியாது, 100%இல் வைத்து நகர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே 24 இன்ச், ஐபிஎஸ், 99 அல்லது 100% எஸ்ஆர்ஜிபி, மேட் ஃபினிஷ், உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்ட். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஏசுஸ் புரோஆர்ட் பிஏ248கியூவி. 24.1 இன்ச், 1920க்கு 1200, அதாவது 16:10. சாதாரண 1080ஐவிட உயரத்தில் 120 வரி கூடுதல், போட்டோஷாப்பின் மெனுவும் பேனலும் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். 100% எஸ்ஆர்ஜிபி, டெல்டா ஈ 2க்குள் என்று ஃபேக்டரியிலேயே அளந்து அனுப்புகிறார்கள். டெல்டா ஈ என்பது காட்ட வேண்டிய நிறத்துக்கும் காட்டுகிற நிறத்துக்கும் உள்ள தூரம். 2க்குள் இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். இதற்கே 27 இன்ச் அண்ணன் உண்டு, பிஏ278கியூவி, 1440. உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும்.

டெல் அல்ட்ராஷார்ப் 24 இன்ச் வரிசையும் நம்பலாம், விலைதான் கொஞ்சம் ஏறும். இன்னும் மலிவாக வேண்டும் என்றால் பென்க்யூ ஜிடபிள்யூ2480 போன்ற ஆபீஸ் மாடல்கள் இருக்கின்றன. ஐபிஎஸ்தான், 72% என்டிஎஸ்சி. ஆனால் ஸ்டாண்ட் உயரம் மாறாது, அடியில் புத்தகம் அடுக்க வேண்டிவரும். அந்த மாதிரி மானிட்டர்களில் அறை வெளிச்சத்துக்கு ஏற்பப் பிரைட்னஸ் தானாக மாறும் வசதி இருந்தால் முதலில் அதை அணையுங்கள். விண்டோஸில் நைட் லைட்டையும் அணையுங்கள்.

விலை வாரத்துக்கு வாரம் மாறும், வாங்கும் நாளில் நாலு இடம் கேளுங்கள். 144 ஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்ட் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள், அதெல்லாம் விளையாடுகிறவர்களுக்கு.

நெல்வயல் (கொழிஞ்சாம்பாறை)

தம்பி, மனசு நிறைஞ்ச நன்றி. கோவையில் வாங்கட்டுமா, பாலக்காட்டிலா? எனக்கு ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

வாளையார்க்காரன் (வாளையார்)

மானிட்டர் விலையில் 18% ஜிஎஸ்டி. 32 இன்ச் வரைக்கும் 2019 ஜனவரியிலிருந்தே 18தான். காந்திபுரம் கடையில் பில் போடும்போது உங்கள் கேரள ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் வரி) பில் கேளுங்கள். தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) போட்டுக் கொடுத்துவிட்டால், இங்கே கேரளாவில் நீங்கள் கட்டும் வரியில் கழிக்க அந்தக் கிரெடிட்டை எடுக்க முடியாது. எல்லையில் இருப்பவர்கள் நிறையப் பேர் இதில் பணத்தை விடுகிறார்கள். போவதற்கு முன் உங்கள் கணக்கரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

வாரண்டியில் வீட்டுக்கு வந்து மாற்றித் தருவார்களா, அப்படியானால் கொழிஞ்சாம்பாறை பின்கோடுக்கு வருவார்களா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். கடையிலேயே ஆன் செய்து கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையாகப் போட்டுப் பாருங்கள். செத்த புள்ளி அதில் தெரிந்துவிடும். கறுப்பில் மூலைகள் கொஞ்சம் வெளுத்துத் தெரிவது ஐபிஎஸ்ஸில் சகஜம். ஒரு மூலை மட்டும் மஞ்சளாக எரிந்தால் வேறு பீஸ் கேளுங்கள்.

ஐப்பசியில் வரும் துலாமழைக் காலத்தில் மத்தியானம் இடி தொடங்கினால் பிளக்கைப் பிடுங்குங்கள். கரன்ட் வயரோடு நிற்காமல் மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் நெட் கேபிளையும் கழற்றுங்கள். என் மேஜைக்கு வரும் செத்த போர்டுகளில் நிறைய அந்த வழியாக அடி வாங்கியவை.

தேயிலைமேடு (மூணாறு)

திரையின் நிறத்தை அளந்து சரிசெய்ய உதவும் காலிபிரேட்டர் பற்றி யாரும் பேசவில்லை. டேட்டாகலர் ஸ்பைடர், காலிபிரைட் இரண்டும்தான் எளிதில் கிடைப்பவை. பழைய எக்ஸ்ரைட் ஐ1டிஸ்பிளே வரிசைதான் 2021 முதல் காலிபிரைட் என்ற பெயரில் வருகிறது. விலை உங்கள் மானிட்டரில் பாதிக்குக் குறையாது. ஆனால் இது தினசரி வேண்டிய கருவி இல்லை. நாலைந்து ஸ்டுடியோ சேர்ந்து ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை கைமாற்றினால் போதும். டிஸ்பிளேகால் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கருவியோடு வரும் மென்பொருளைவிடப் பல விதத்தில் நல்லது.

அளக்கும் முன் மானிட்டர் அரை மணி நேரம் எரிந்திருக்க வேண்டும். இலக்கு: வெள்ளை 6500 கெல்வின், நடு அழுத்தத்தைத் தீர்மானிக்கும் காமா 2.2, வெளிச்சம் 100 நிட்ஸ். இதே மாடலுக்கு இன்னொருவர் செய்த புரொஃபைலை நெட்டில் இறக்கி மாட்டாதீர்கள். ஒரே மாடலிலும் பீஸுக்குப் பீஸ் வித்தியாசம் உண்டு.

நகரிநெசவு (நகரி)

சேர்ந்து வாங்கும் யோசனை அருமை. எங்கள் தெருவிலேயே ஆன்லைனில் சேலை போடும் வீடுகள் பல இருக்கின்றன, பேசிப் பார்க்கிறேன். கிரே கார்டு வாங்கிவிட்டேன் இருட்டறை ஐயா. மாம்பழ மஞ்சள் இப்போதே வழிக்கு வந்துவிட்டது. மயில் கழுத்துதான் இன்னும் பிடிவாதம்.

இருட்டறை (வேலந்தாவளம்)

மயில் கழுத்து பிடிவாதம்தான் பிடிக்கும் தம்பி. ஊடு ஒரு நிறம், பாவு ஒரு நிறம். பார்க்கிற கோணத்துக்கு நிறம் மாறும் துணியை ஒரே படத்தில் அடக்க முடியாது. மடிப்பை விசிறி மாதிரி விரித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு நிறமும் தெரியும்படி ஒரு படம் கூடுதலாகப் போடுங்கள். வாங்குகிறவருக்கு என்ன வரப்போகிறது என்று புரியும்.

நெல்வயல் (கொழிஞ்சாம்பாறை)

புரோஆர்ட் 24 வாங்கிவிட்டேன்! கடையிலேயே நிறம் நிறமாகப் போட்டுப் பார்த்தேன், புள்ளி எதுவும் இல்லை. பெட்டிக்குள் அளவு அறிக்கைத் தாளும் இருந்தது. பில்லும் ஐஜிஎஸ்டிதான்.

வீட்டில் மாட்டியதும் ஒரு குழப்பம். லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கொடுத்திருக்கிறேன். கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் பூசிய மாதிரி எல்லாம் வெளுத்துத் தெரிகிறது. பீஸில் கோளாறா?

வாளையார்க்காரன் (வாளையார்)

கோளாறு இல்லை அக்கா, பயப்படாதீர்கள். எச்டிஎம்ஐ டிவிக்காக வந்த இணைப்பு. டிவிக் கணக்கில் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டர் கணக்கில் 0 முதல் 255. சில நேரம் கிராபிக்ஸ் கார்டு எதிரில் இருப்பதை டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பும். மானிட்டர் 0இலிருந்து எதிர்பார்ப்பதால் 16 அதற்குச் சாம்பலாகத் தெரியும்.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷன் பக்கத்தில் கீழே அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்று இருக்கும், அதை ஃபுல் ஆக்குங்கள். லேப்டாப்பில் டிஸ்பிளே போர்ட் வழி இருந்தால் அதில் மாட்டுவது இன்னும் நல்லது. அப்புறம் மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோட், அதில் பிரைட்னஸ் நகர்கிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால் ஸ்டாண்டர்ட் மோடுக்கு மாறி, தாளை வைத்து இறக்குங்கள்.

நெல்வயல் (கொழிஞ்சாம்பாறை)

ஃபுல் ஆக்கினேன், கறுப்பு வந்துவிட்டது. பழைய கல்யாணம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். மணப்பெண்ணின் பட்டில் சரிகைக் கட்டமே இல்லாமல் சிவப்புக் குழம்பு. லேப்டாப்பில் இது எதுவும் தெரியவில்லை. அடுத்த ஆல்பத்தை அனுப்பும் முன் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா மாமா?

இருட்டறை (வேலந்தாவளம்)

செய்ய வேண்டும். முழு ஆல்பத்தையும் அனுப்பாதீர்கள். ஒரே ஒரு 12க்கு 18 ஷீட் மட்டும். அதில் ஒரு சிவப்புப் பட்டுப் படம், ஒரு கசவுப் படம், மஞ்சள் பூசிய முகம் ஒன்று, விளக்கு வெளிச்சத்தில் எடுத்த இருட்டுப் படம் ஒன்று, கீழே கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு சாம்பல் பட்டை. எல்லாம் எஸ்ஆர்ஜிபி. லேபில் ஆட்டோ கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். இதைச் சொல்லாவிட்டால் ஆபரேட்டர் தன் கண்ணுக்குச் சரி என்று பட்டதைத் திருத்துவார், சோதனையே வீண்.

வந்த ஷீட்டை ஜன்னல் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், திரையோடு ஒப்பிடுங்கள். பேப்பர் திரை அளவுக்குப் பளபளக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம். முகம் முகமாக இருக்கிறதா, சாம்பல் பட்டையில் எங்காவது பச்சையோ ரோஸோ ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருட்டு இன்னும் மிச்சம் இருந்தால் படத்தைத் தொடாதீர்கள், மானிட்டர் வெளிச்சத்தை இன்னும் இரண்டு படி இறக்குங்கள்.

கசவுக்கு ஒரு கைவழி சொல்கிறேன். கண்ணை நம்பாமல் போட்டோஷாப்பின் இன்ஃபோ பேனலில் எண்ணைப் பாருங்கள். வெளிச்சம் விழும் மடிப்பில் சொட்டானை வைத்தால் சிவப்பு 240, பச்சை 234, நீலம் 218 என்ற வாக்கில், நீலம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் அது கிரீம். மூன்றும் சமமாக இருந்தால் வேட்டி வெள்ளை ஆகிவிட்டது. நீலம் 190க்குக் கீழே போயிருந்தால் பிரிண்டில் மஞ்சள் நிச்சயம். நிலவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கும் படத்தில் மட்டும் நீலம் தாழ்ந்தே இருக்கட்டும். எண்ணெய் விளக்கின் வெளிச்சம் 2000 கெல்வின்கூட இருக்காது, அந்தச் சூட்டைத் துடைத்து எடுத்தால் சடங்கே குளிர்ந்துபோகும். எண் எந்த மானிட்டரிலும் ஒன்றுதான், திரையில் சந்தேகம் வரும்போதெல்லாம் எண்ணிடம் போங்கள்.

பட்டில் சிவப்பு எண் 255இல் முட்டி நின்றால் சாச்சுரேஷனை மொத்தமாக இறக்காமல், சிவப்பின் லுமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சம்) மட்டும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். சரிகை திரும்ப வரும்.

நெல்வயல் (கொழிஞ்சாம்பாறை)

சோதனை ஷீட் வந்தது. முகம் சரி, கசவு சரி, சாம்பல் பட்டை சுத்தம். விளக்குப் படம் மட்டும் ஒரு மாற்று இருட்டு, அதனால் பிரைட்னஸை இரண்டு படி இறக்கினேன். சிவப்பில் சரிகைக் கட்டம் எண்ணி எடுக்கலாம் போல இருக்கிறது. இரண்டு ஆல்பம் அனுப்பப் போகிறேன். ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று கவர் மேலேயே எழுதிவிட்டேன்.

நகரிநெசவு (நகரி)

அக்காவுக்கு வாழ்த்துகள். எனக்கு ஒரு கடைசிக் கேள்வி. என்னால் இப்போது எட்டாயிரம்தான் முடியும். திருப்பதியில் ஒருவர் பழைய டெல் யு2412எம் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

வாளையார்க்காரன் (வாளையார்)

அது 2011இல் வந்த மாடல் தம்பி. அந்தக் காலத்தில் நல்ல பெயர் எடுத்த ஐபிஎஸ், 16:10, ஸ்டாண்டும் உறுதி. ஆனால் ஆபீஸில் நாள் முழுக்க எரிந்த மானிட்டரில் பேக்லைட் தளர்ந்து வெள்ளை மஞ்சளாகியிருக்கும். நேரில் போனால் முழு வெள்ளை போட்டு நடுவையும் ஓரங்களையும் ஒப்பிடுங்கள். பிரைட்னஸை எந்த எண்ணில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். 100இல் வைத்தும் மங்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள். பாதிக்குக் கீழேயே போதுமான வெளிச்சம் வந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, ஆனால் எட்டாயிரம் அதற்கு மிக அதிகம். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 72% என்டிஎஸ்சி போட்ட புது 22 அல்லது 24 இன்ச் ஐபிஎஸ் வாரண்டியோடு கிடைக்கும். சேலைப் படத்துக்கு அதுவே போதும், பெட்டியில் 72 என்று இருக்கிறதா என்பதை மட்டும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.